மழையில் தனியாக வால்பாறை: ஏறுவது சுலபம், இறங்குவதைப் பாருங்கள்

கேள்வி: ஊர் பல்லடம். என்னிடம் 125 சிசி வண்டி, இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஜூலை மழையில் தனியாக வால்பாறை போய்வர ஆசை. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். இந்த வண்டி மலை ஏறுமா?

பதில்: தாராளமாக ஏறும். ஆழியாறுக்கு மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். எஸ்டேட் ஆட்கள் இதைவிடச் சின்ன வண்டியில் இரண்டு பேராக ஏறுகிறார்கள். எனக்குக் கவலை இறக்கம்தான்.

அதற்கு முன்னால் காற்று. ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று சுல்தான்பேட்டை, நெகமம் பக்கம் வலது கைப் பக்கமாக அடிக்கும். நீங்களும் அறியாமலே வண்டியை வலது பக்கம் சாய்த்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். எதிரே லாரி வந்து காற்றை மறைத்ததும் வண்டி லாரி பக்கமே இழுக்கும். லாரி தாண்டியதும் காற்று மறுபடி அறையும். லாரியைக் கண்டதுமே வேகத்தைக் குறைத்து இடது ஓரம் வந்துவிடுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். இந்தக் காற்றில் போர்வை மாதிரி மழைக்கோட்டு ஆகவே ஆகாது. சட்டை, பேன்ட் எனத் தனித்தனியாக உள்ளதை வாங்குங்கள்.

சரி, இறக்கம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டு. வேகத்தை இன்ஜினே பிடித்து வைக்கும், பிரேக் கூடுதல் உதவிக்குத்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறி, காலுக்குக் கீழே பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும், கருகல் வாடையும் வரும். அப்போது ஓரங்கட்டி, தானாக ஆறும்வரை நில்லுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்புறம், ரோட்டில் ஓடும் தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக இரண்டு மூன்று முறை பிடித்து உலர்த்திவிட்டுப் போங்கள்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த 125 சிசி என்றால் சிபிஎஸ் இருக்கும். பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். அதனால் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். ஈர ரோட்டில் சாய்ந்திருக்கும்போது மிதித்தால் முன் சக்கரம் வழுக்கும். வளைவில் பஸ் ஹாரன் கேட்டால் கீழேயோ மேலேயோ நின்று வழிவிடுங்கள், அதற்கு முழு ரோடும் தேவை.

கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கினால் ஹைபீம் போடாதீர்கள், எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீமில், இடது ஓரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகலாம். வரையாடு ரோட்டோரம் நிற்கும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள்.

வீட்டார் பயமும் நியாயம்தான். வழியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஆழியாறில் ஒரு போன், வால்பாறை சேர்ந்ததும் ஒரு போன் என்று சொல்லி வையுங்கள். பஞ்சர் கிட் எடுத்துக்கொள்ளுங்கள். டயர் தேய்ந்திருந்தால் மாற்றாமல் கிளம்ப வேண்டாம். வெளியூர் வண்டிகளுக்கு 2025 நவம்பரில் இ-பாஸ் வந்துவிட்டது, முதல் நாளே எடுங்கள். கோவை மாவட்டத்துக்கு ஆரஞ்சு, ரெட் அலர்ட் என்றால் பயணத்தை ஒத்திப்போடுங்கள்.

விடியற்காலையில் கிளம்பி, மதியம் மூன்றுக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் மழை கொட்டினால் வால்பாறையிலேயே ரூம் போட்டு, காலையில் இறங்குங்கள்.