தோல் துணி அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

தோலின் இழுவிசை காயம் ஆறுவதை எப்படி மாற்றுகிறது என்று கணினி மாதிரி அமைத்து ஆய்வு செய்கிறேன். எலித் தரவுதான் கைவசம். அப்பாவுக்கு நெஞ்சில் அறுவைசிகிச்சைத் தழும்பு கீலாய்டாக, அதாவது காயத்தின் எல்லை தாண்டி வளரும் தழும்பாக, தடித்துவிட்டது. "உன் கம்ப்யூட்டர் இதுக்கு என்ன சொல்லுது?" என்கிறார். பதில் இல்லை. விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விடுவது பற்றி அப்புறம் பேசலாம். நீங்கள் இணைத்த மாதிரியின் படத்தைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. வெட்டுவதற்கு முன் உங்கள் மாதிரித் தோலில் இழுவிசை சுழியம்! மேசையில் விரித்த துணியா அது? வியன்னாவில் கார்ல் லாங்கர் 1861லேயே பிணங்களின் தோலில் வட்டமான கூர்முனையால் குத்திப் பார்த்தார், துளைகள் வட்டமாக நிற்காமல் நீள்வட்டமாகின, அதுவும் இடத்துக்கு இடம் வேறு திசையில். உயிர் போன பிறகும் தோல் இழுபட்டே இருக்கிறது என்றால் உயிரோடு இருப்பவனுக்கு? தளர்ந்த தோலில் தொடங்கினால் காயம் தானாக வாய் பிளக்காது, நீங்களே ஓட்டை வரைந்து வைக்க வேண்டும். அதைத்தான் செய்திருக்கிறீர்கள். காயத்தைச் சுருக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் உருவாகவே இழுவிசை தேவை. அதை எடுத்துவிட்டு எதைக் கணக்கிடுகிறீர்கள்?

எனக்கு இரண்டு தழும்புகள். முன்கையில் அரிவாள் கீறியது, தேடினால்தான் தெரியும். முழங்காலில் இருப்பது பத்தாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்தது. தையல் போட்டவர் காலை மடக்காதே என்றார். மறுநாள் கணக்குப் பரீட்சை, மூன்று மணி நேரம் பெஞ்சில் மடக்கித்தான் உட்கார்ந்தேன். இன்று அது சுண்டுவிரல் அகலம். அம்மா வெகுநாள் மருத்துவரைத் திட்டினாள், பாவம் அவர்.

எலி பற்றி: அதன் தோலுக்கடியில் ஒரு தசை விரிப்பு இருக்கிறது, காயத்தை இழுத்து மூடிவிடும். நமக்கு அப்படி இல்லை. அவ்வளவுதான்.

அப்பாவிடம் சொல்லுங்கள், ஜப்பானில் ரெய் ஒகாவா குழுவினர் கீலாய்டைக் கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அதன் ஓரங்களில்தான் இழுவிசை அதிகம். கை தூக்கினாலே நெஞ்சுத் தோல் இழுபடும். காது மடலிலும் கீலாய்டு வருகிறதே என்று கேட்பார், கேட்கட்டும், இழுவிசை மட்டுமே காரணமில்லை.

சுழியத்தை அழித்துவிட்டு என்ன எண் போட்டீர்கள் என்று எழுதுங்கள்.