ஒரு தீம் பார்க் திறக்கும் முன்பே அதன் கட்டுமானத்தை வருடக்கணக்கில் பின்தொடரும் ரசிகர்கள் இருக்கிறார்களாமே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

நானும் அப்படிப்பட்ட ஒருத்தன், அதனால் பதில் எழுதுகிறேன். அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனம் கட்டிய எபிக் யுனிவர்ஸ் பார்க்கை, 2019 ஓகஸ்டில் அறிவித்த நாளிலிருந்து 2025 மே 22இல் திறந்த நாள் வரை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்தபடி பின்தொடர்ந்தேன். ஃபுளோரிடாவுக்கு நான் போனதே இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் கிரேன்களின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் அம்மா கேட்பார்: "அது கட்டி முடிஞ்சாப்பிறகு பாக்கலாம்தானே, இப்ப என்னத்துக்கு உந்தக் கம்பியளைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்?" உங்கள் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான்.

எனக்கு இந்தப் பழக்கம் நல்லூரில் வந்தது. கந்தசுவாமி கோயிலின் தெற்கு ராஜகோபுரம், ஒன்பது நிலைக் கோபுரம், 2011இல் திறக்கப்பட்டது. அது எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ரியூசன் முடிந்து வரும்போது சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பேன். சாரத்துக்குள் ஆட்கள் சின்னதாகத் தெரிவார்கள். சுதை வேலை நடந்த காலம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வர்ணம் ஏறாத சிலைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கும். நேற்று வெறும் கம்பியும் மொத்தையுமாக இருந்த இடத்தில் இன்று ஒரு கையும் தோளும் வந்திருக்கும். பக்கத்தில் சில வயசான ஐயாமார் தினமும் நின்று, எந்த நிலை முடிந்தது, எது மிச்சம் என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் ரசிகர்கள் என்று சொன்னதில்லை. ஆனால் உலகம் முழுக்கத் தீம் பார்க் ரசிகர்கள் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்.

பிறகு ரயில். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் திரும்பி வந்ததை நினைத்துப் பாருங்கள். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே வருடம் ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம். அந்த ஒரு வருடமும் ஊரில் எல்லாருடைய வாயிலும் ஒரே கேள்விதான்: "தண்டவாளம் எங்கமட்டும் வந்திட்டுது?" பழைய தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டிருந்தன. அந்தப் பாதையில் புதுக் கொங்கிரீட் கட்டைகள் வரிசையாக விழுவதை ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நாங்களும் போனோம்.

சரி, தீம் பார்க்குக்கு வருகிறேன். அங்கே ரசிகர்கள் என்னதான் பார்க்கிறார்கள்? முதலில் காகிதங்களை. வெள்ளநீர் எங்கே வடியும் என்பதற்கான அனுமதி விண்ணப்பம், வேலை தொடங்கும் அறிவித்தல், காப்புரிமை ஆவணங்கள். அமெரிக்காவில் இவை பொதுமக்கள் பார்க்கக்கூடியவை. ஒரு குளத்தின் எல்லையையும் கட்டடத்தின் அடித்தளத்தையும் வைத்து, எந்தப் பகுதி எங்கே வரும் என்று ஆட்கள் கணிப்பார்கள். அப்புறம் வானத்திலிருந்து எடுக்கும் படங்கள். ஹெலிகொப்டரில் சுற்றி வந்து நூற்றுக்கணக்கில் எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அதே கோணத்தில் போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு மணித்தியாலம் போவதே தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டொங்கி கொங் சுரங்க வண்டி. எபிக் யுனிவர்ஸில், நின்டெண்டோ வீடியோ கேம்களுக்கான பகுதியில் இருக்கும் ரோலர் கோஸ்டர் அது. தண்டவாளம் நடுவில் உடைந்து கிடக்கும், வண்டி அந்த இடைவெளியைத் தாவிப் போவதுபோல் தோன்றும். உண்மையில் கண்ணுக்குத் தெரிகிற தண்டவாளத்தில் வண்டி ஓடவே இல்லை. அதற்குக் கீழே மறைவாக இன்னொரு தண்டவாளம் இருக்கிறது. அதில் ஓடும் அடிப்பாகத்திலிருந்து ஒரு இரும்புக் கை பக்கவாட்டில் மேலே வந்து வண்டியைத் தாங்கிக்கொண்டு போகிறது. இந்த அமைப்பின் காப்புரிமை வரைபடம் வருடங்களுக்கு முன்பே வெளியாகிவிட்டது. அதைப் படித்து வைத்திருந்தவர்களுக்கு, மறைவுத் தண்டவாளம் எழும்பியபோது அது என்ன என்று விளங்கியது. திறந்த பிறகு போகிறவர்கள் தாவலை மட்டும் பார்ப்பார்கள். தாவலுக்குப் பின்னால் இருக்கிற மூளையைப் பார்க்கிற வாய்ப்பு கட்டும் காலத்தில்தான் கிடைக்கிறது.

பாறைகளும் அப்படித்தான். தீம் பார்க்கில் காணும் மலை முகடுகள் பெரும்பாலும் கல் கிடையாது. கம்பியைப் பாறை வடிவத்துக்கு வளைத்து, வலை கட்டி, அதன்மேல் கொங்கிரீட்டை விசிறியடித்து, அது இறுகுவதற்குள் கரண்டியாலும் கையாலும் வெடிப்பும் வரியும் செதுக்குகிறார்கள். பிறகு ஈரம் படிந்ததுபோல, பாசி பிடித்ததுபோல வர்ணம் வரும். எபிக் யுனிவர்ஸில் டிராகன் கதைக்கென்று கட்டிய பெர்க் தீவுப் பகுதியின் பாறைகள் சாம்பல் நிறத்தில் நின்ற படங்களை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நல்லூர்ச் சாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்தபதிக்கும் அங்கே பாறை செதுக்குகிறவருக்கும் ஒரே அவசரம்: சாந்து காய்வதற்குள் உருவம் வரவேண்டும்.

இது இணையம் வந்த பிறகு தோன்றிய ஆசை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலாண்ட் கட்டும்போதே, 1954 ஒக்டோபரிலிருந்து வோல்ட் டிஸ்னி தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அந்த வேலையைப் பற்றி மக்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துக்குள் கட்டி 1955 ஜூலை 17இல் திறந்தார்கள். பிறகு ஃபுளோரிடாவில் கட்டியபோது, 1970 ஜனவரியில், மாதிரிகளையும் வரைபடங்களையும் காட்டுவதற்கென்றே ஒரு முன்காட்சி நிலையம் திறந்தார்கள். பார்க் திறந்தது 1971 ஒக்டோபரில். மனிதர் கட்டுவதைப் பார்க்கும் ஆசை அவ்வளவு பழையது.

எனக்கு இந்தப் பின்தொடரல் வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் போனது 2020இல். அந்த ஜூலையில், கொரோனாவால், எபிக் யுனிவர்ஸ் வேலையை நிறுத்திவிட்டார்கள். படங்களில் ஆளில்லாத மண்ணும் தொடங்கிய இடத்திலேயே நின்ற அடித்தளங்களும் மட்டும்தான். எங்கள் வீடும் ஒரு காலத்தில் அப்படி நின்றது. சுவர் லிண்டில் மட்டத்துக்கு வந்த பிறகு காசு வரவில்லை. தூண்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடித்து, மழைக்குச் செம்மஞ்சள் கோடாகச் சுவரில் வழிந்த அடையாளம் பல வருடம் இருந்தது. நின்றுபோன கட்டடத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, திரும்பத் தொடங்கும் வேலை சாதாரண செய்தி கிடையாது. 2021 மார்ச்சில் வேலை மறுபடி தொடங்குகிறது என்று அறிவித்த இரவு நான் அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "நல்லது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். எங்களுடைய கூரை ஏறிய நாளிலும் அவர் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னார்.

இதில் பிடிக்காத பக்கமும் உண்டு. வதந்தியைச் செய்தியாக்குகிறவர்கள் அதிகம். ஒரு கட்டடத்தின் சுவர் நிறத்தை வைத்து முழுக் கதையையும் எழுதிவிடுவார்கள். நான் கம்பி நட்டதை மட்டும் நம்புவேன். ஆச்சரியம் கெட்டுப்போகாதா என்றும் சிலர் கேட்பார்கள். ஆச்சரியத்தைக் காத்து வைக்க விரும்புகிறவர்கள் இந்தப் படங்களைப் பார்க்காமல் இருப்பது நல்லது, அதில் எனக்கு வாதம் இல்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் 2025 ஓகஸ்டில் பிள்ளைகளோடு எபிக் யுனிவர்ஸுக்குப் போனா. அங்கே காலை பத்து மணி, இங்கே இரவு ஏழரை. வீடியோ கோலில் எடுத்தா. நுழைந்ததும் வருகிற நடுத் தோட்டத்தில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருந்தா. அங்கிருந்துதான் மற்ற நான்கு உலகங்களுக்கும் வாசல் பிரிகிறது. பெர்க் தீவின் வாசலில் இரண்டு பெரிய வீரர் சிலைகள் நிற்கும், அதைத் தேடு என்றேன். பிறகு பேய்க்கதைப் பகுதிக்குப் போகச் சொன்னேன். அங்கே ஒரு காற்றாலை இருக்கிறது, அதன் இறக்கைகள் இடையிடையே தீப்பிடித்து எரியும். அந்தக் காற்றாலையை நான் வெறும் எலும்புக்கூடாக நின்ற நாளிலிருந்து அறிவேன். "கொஞ்சம் பொறு, இப்ப எரியும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எரிந்தது. பிள்ளைகள் கத்தின சத்தம் கேட்டது.

மச்சாள் போனைத் தன் பக்கம் திருப்பி, "நீ எப்பயடா இஞ்ச வந்தனீ?" என்று கேட்டா.

நான் அவவை ஒரு பாறைச் சுவருக்குக் கிட்டப் போய்க் கையால் தடவிப் பார்க்கச் சொன்னேன். சொரசொரப்பாக இருக்குதாம், வெயிலில் நல்லாச் சுடுதாம்.