உங்கள் கைக்குக் குறைவில்லை, தம்பி

(வாசகர் கேள்வி – பதில். பதில் எழுதுபவர் காட்பாடியில் கணினி விளையாட்டு மையம் நடத்துகிறார். கேள்வி கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)

கேள்வி: அண்ணா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செல்போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை நன்றாகவே ஆடுவேன். அந்தத் தைரியத்தில் கணினியில் வாலரன்ட் ஆடத் தொடங்கினேன், அதுவும் ஐந்து ஐந்து பேராக இரண்டு அணிகள் மோதும் துப்பாக்கிச் சண்டைதான். எதிரி கண்ணில் படுவதற்குள் செத்து விழுகிறேன். கூட ஆடுகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். என் கைக்கு வேகம் போதவில்லையா? விட்டுவிடலாமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: விட வேண்டாம், தம்பி. ஒன்றைக் கண்ணால் பார்த்து விரல் அசைவதற்கு மனிதர்களுக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. தேர்ந்த ஆட்டக்காரருக்கு அது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உங்களை இந்த அளவுக்கு வீழ்த்த அந்த வித்தியாசம் மட்டும் போதாது.

என் மையத்தில் புதிதாக வந்து உட்காரும் பிள்ளைகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பது என் வழக்கம். கிராஸ்ஹேர், அதாவது திரையின் நடுவில் இருக்கும் குறி, அவர்கள் நடக்கும்போதெல்லாம் தரையைப் பார்த்தபடி இருக்கும். மூலையிலிருந்து எதிரி வந்ததும் திடுக்கிட்டுக் குறியைத் தூக்குவார்கள், பக்கவாட்டில் இழுப்பார்கள், இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்ப வருவார்கள். எதிராளியின் குறியோ அந்த மூலையின் ஓரத்தில், தலை வரப்போகும் உயரத்தில், முன்பே நின்றுகொண்டிருக்கும். அவர் செய்ய வேண்டியது ஒரே ஒரு கிளிக். வேலூர் கிரீன் சர்க்கிளில் சாலையைக் கடக்கிறவர், பஸ் வந்த பிறகா திரும்பிப் பார்க்கிறார்? வரும் திசையில் முதலிலேயே கண்ணை வைத்திருக்கிறார். நீங்களும் சுவரின் ஓரம், கதவின் விளிம்பு, பெட்டியின் மேல்பக்கம் என்று எதிரி வெளிப்படக்கூடிய இடத்தில் குறியை வைத்துக்கொண்டே நடக்கப் பழகுங்கள். எங்கெல்லாம் திரும்புகிறீர்களோ அங்கெல்லாம் தலை உயரம். இந்த ஒன்று கைவந்தாலே பாதிச் சாவு குறைந்துவிடும்.

ஏன் தலை உயரம் என்றால், கணக்கு அப்படி. ஒருவருக்கு உயிர் 100, கனமான கவசம் வாங்கியிருந்தால் இன்னும் 50. வேண்டல் துப்பாக்கியின் ஒரு குண்டு தலையில் பட்டால் 160 போய்விடும். தூரம் எவ்வளவாக இருந்தாலும் அதே கணக்குத்தான். உடம்பில் பட்டால் 40. நீங்கள் உடம்பில் நான்கு குண்டு போட வேண்டிய இடத்தில் அவர் தலையில் ஒன்று போடுகிறார். இதில் வேகம் எங்கே வருகிறது?

அடுத்தது கால். செல்போன் ஆட்டத்தில் ஓடிக்கொண்டே சுட்டுப் பழகியிருப்பீர்கள். குறியை எதிரியின் பக்கம் இழுத்துக்கொடுக்கும் உதவியும் அங்கே உண்டு. இங்கே மவுஸ் பிடிப்பவருக்கு அந்த உதவி கிடையாது. ஓடும்போது சுட்டால் குண்டுகள் குறியின்மேல் போகாமல் சுற்றிலும் சிதறும். ‘நான் சரியாகத்தான் குறி வைத்தேன், படவே இல்லை’ என்று பிள்ளைகள் என்னிடம் முறையிடும்போதெல்லாம் அவர்களின் இடது கையைத்தான் பார்க்கிறேன். நகர்த்தும் விசையை விரல் இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கும். நில்லுங்கள், பிறகு சுடுங்கள். ‘ஏ’ விசையில் இடப்பக்கம் போகிறீர்கள் என்றால் அதை விட்டுவிட்டு ‘டி’ விசையை லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். உடல் சட்டென்று நிற்கும், அந்த நொடியில் சுடலாம். அதுவும் இரண்டு மூன்று குண்டுகள் போதும். விடாமல் அழுத்தினால் துப்பாக்கி முனை மேலே ஏறி, கடைசிக் குண்டுகள் எதிரியின் தலைக்கு மேலே போகும்.

மவுஸின் வேகத்தையும் பாருங்கள். அலுவலக வேலைக்கு வைத்திருக்கும் வேகத்திலேயே ஆட்டத்திலும் இறங்குகிறவர்கள் ஏராளம். விரலை அசைத்தால் திரை சுழன்றுவிடும். மவுஸை 800 டிபிஐ-யில் (ஓர் அங்குல அசைவுக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) வைத்து, ஆட்டத்துக்குள் வேகத்தை 0.35 என்று வையுங்கள். ஒரு முழு வட்டம் திரும்ப மவுஸை ஏறக்குறைய ஒன்றரை அடி நகர்த்த வேண்டியிருக்கும். முதலில் எருமை வேகமாகத் தோன்றும். தோளும் முழங்கையும் பழகியதும் குறி நடுங்காமல் நிற்பதைக் காண்பீர்கள். மேசையில் அதற்கு இடம் வேண்டும். கீபோர்டைச் சற்று இடப்பக்கம் தள்ளி வையுங்கள்.

ஒவ்வொரு முறை வீழ்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் எந்த வழியாக வந்தார், அந்தக் காலடி எனக்குக் கேட்டதா? ஓடுகிறவரின் காலடி அருகிலிருப்பவர்களுக்குக் கேட்கும். ஷிஃப்ட் விசையை அழுத்தி நடந்தால் கேட்காது. நீங்கள் ஓடி ஓடிப் போய் அவருக்குத் தகவல் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது பெரும்பாலும் அப்போதுதான் புரியும். ஹெட்ஃபோன் இல்லாமல் இந்த ஆட்டத்தை ஆடவே கூடாது.

சுடத் தெரியாத நாட்களிலும் அணிக்குப் பயன்படலாம், தம்பி. இதைத்தான் புதியவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சேஜ் என்ற பாத்திரத்தை எடுங்கள். கூட்டாளியின் காயத்தை ஆற்றலாம், சுவர் எழுப்பி ஒரு வழியை அடைக்கலாம். அதற்குத் துல்லியமான குறி தேவையில்லை. ஸ்பைக், அதாவது தாக்கும் அணி வைக்கும் வெடிகுண்டு, வைத்ததிலிருந்து 45 நொடியில் வெடிக்கும், செயலிழக்கச் செய்ய 7 நொடி பிடிக்கும் என்பதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் பாதிவரை செயலிழக்கச் செய்து வைக்காத நிலையில், வெடிக்க ஐந்து நொடிதான் இருக்கிறது என்றால் அருகில் போகாதீர்கள். விலகி ஓடி 2,900 கிரெடிட் (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் பணம்) விலையுள்ள துப்பாக்கியைக் காப்பாற்றுங்கள். அடுத்த சுற்றில் அந்தப் பணம் அணிக்கு மிச்சம்.

இன்னொரு விஷயம். ஆரம்பத்தில் உங்களைவிட மிகவும் தேர்ந்தவர்கள் எதிரே வருவது உங்கள் கற்பனை அல்ல. ஆட்டக்காரர்களின் திறமையை ஓர் எண்ணாக வைத்து, சமமானவர்களை மோதவிடும் முறைக்கு மூலம் சதுரங்கம். இயற்பியல் பேராசிரியர் அர்பாட் ஈலோ வகுத்த கணக்கை உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. இன்றைய ஆட்டங்களும் அந்த வழியில் வந்த கணக்குகளைத்தான் வைத்திருக்கின்றன. வெற்றி தோல்விகள் சேரச்சேரத்தான் அந்தக் கணக்குக்கு உங்களைத் தெரியும். முதலில் அது தடுமாறும். இது போதாதென்று, நன்றாக ஆடத் தெரிந்தவர்களே புது அக்கவுன்ட் தொடங்கிப் புதியவர்களை வேட்டையாட வருகிறார்கள். ஸ்மர்ஃப் என்பார்கள். இதை நான் அடியோடு வெறுக்கிறேன். என் மையத்தில் யாரையும் அதற்கு அனுமதிப்பதில்லை.

ரேங்க் போட்டி, அதாவது தரவரிசைக்கான போட்டி, உங்கள் அக்கவுன்ட் 20-ஆம் நிலைக்கு வந்த பிறகுதான் திறக்கும். திறந்துவிட்டதே என்று உடனே குதிக்க வேண்டாம். 13 சுற்று வெல்ல வேண்டிய நீண்ட போட்டி அது. முதலில் ஐந்து சுற்று வென்றால் முடியும் ஸ்விஃப்ட்பிளேயில் ஆடுங்கள். அணி இல்லாமல் எல்லோரும் எல்லோரையும் சுடும் டெத்மேட்சில் இறங்கும்போது எத்தனை பேரை வீழ்த்தினேன் என்று எண்ணாமல், மூலைக்கு மூலை குறி சரியாக இருந்ததா என்பதை மட்டும் கவனியுங்கள். திட்டுகிறவரை மியூட் செய்துவிடுங்கள். அந்தப் பொத்தான் இருப்பதே அதற்காகத்தான்.

கேள்வி: மதியத்தில் ஆடினால் சிறிது நேரத்திலேயே படம் திக்கித் திக்கி ஓடுகிறது. இரவில் சரியாக இருக்கிறது. மடிக்கணினி பழுதா?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: நம் மாவட்டங்களில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் சிப் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். மெத்தைமேல் வைத்து ஆடுகிறீர்களா? காற்று இழுக்கும் துளைகள் அடியில் இருக்கின்றன, மெத்தை அவற்றை அடைத்துவிடும். பலகைமேல் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். ஆட்டத்தின் அமைப்பில் நொடிக்கு இத்தனை படம் என்று உச்சவரம்பு வையுங்கள், காட்சித் தரத்தையும் குறையுங்கள். தூசியை எடுக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை கொடுங்கள். பணம் கொடுத்துப் புதியது வாங்கும் நிலை இன்னும் வரவில்லை.

கேள்வி: ஐயா, வாலரன்டில் மைக்கைத் திறந்தால் பெண் குரல் என்று தெரிந்ததும் அசிங்கமாகப் பேசுகிறார்கள். பேசாமல் ஆடினால், தகவல் சொல்லவில்லை என்று திட்டுகிறார்கள். ஏற்கனவே சரியாக ஆட வரவில்லை, இதில் இது வேறு.
– காட்பாடி கல்லூரி விடுதி மாணவி

பதில்: மகளே, இரண்டையும் கலக்க வேண்டாம். ஆட வராதது காலத்தில் சரியாகும். அவர்கள் பேசுவது அவர்களுடைய இழிவு, உங்கள் ஆட்டத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் அபாரமாக ஆடினாலும் அந்த வாய்கள் அடங்கியிருக்காது என்பதை இத்தனை காலம் பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

முதல் கெட்ட வார்த்தையிலேயே அந்த ஆளை மியூட் செய்யுங்கள். இரண்டாவது வாய்ப்புத் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. புகார் பொத்தானையும் அழுத்துங்கள். பலன் உடனே கண்ணில் தெரியாது என்றாலும் அழுத்துங்கள். குரல் இல்லாமலும் தகவல் சொல்லலாம்: எதிரியைக் கண்ட இடத்தில் அடையாளம் வைக்கும் விசை இருக்கிறது, எழுத்தில் ‘பி பக்கம் மூன்று பேர்’ என்று போட்டால் போதும். வாய் ஓயாமல் பேசுகிறவர்களைவிட இந்த நான்கு சொல் அணிக்கு உதவும்.

எல்லாவற்றையும்விட, விடுதியிலேயே ஆடுகிற பெண்கள் இருப்பார்கள், தேடுங்கள். ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் அணியில் அந்நியரே இருக்க மாட்டார்கள். இந்த ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனமே 2021-இல் பெண்களுக்காக கேம் சேஞ்சர்ஸ் என்ற போட்டி வரிசையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதன் முதல் உலகப் போட்டி பெர்லினில் நடந்தது. உங்களுக்கு இங்கே இடம் இருக்கிறதா என்று யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பதினோராம் வகுப்புப் படிக்கும் மகன் தோற்றால் மேசையைக் குத்துகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் ‘இதோ’ என்கிறான், முக்கால் மணி நேரம் வருவதில்லை. அடிமையாகிவிட்டானோ என்று பயமாக இருக்கிறது.
– சத்துவாச்சாரி வாசகி

பதில்: அம்மா, ‘இதோ’ என்பது அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் போட்டிகள் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஓடும். நடுவில் விட்டுவிட்டு எழுந்தால் கூட ஆடும் நான்கு பேர் தவிப்பார்கள், அவனுக்குச் சில நேரம் ஆடத் தடையும் விழும். ஆகவே மணிக்கணக்கு வைக்காதீர்கள், போட்டிக்கணக்கு வையுங்கள். ‘எட்டு மணிக்கு எழுந்திரு’ என்பதற்குப் பதில், ‘இன்றைக்கு இரண்டு போட்டி, ஏழேகாலுக்குமேல் புதிதாகத் தொடங்கக் கூடாது’ என்று பேசி முடிவு செய்யுங்கள். பெற்றோர் சிலர் இப்படி மாற்றியபின் வீட்டில் சண்டை குறைந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு போட்டி தொடர்ந்து தோற்றால் அன்றைக்கு நிறுத்துவது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோபத்தோடு உட்காரும் மூன்றாவது போட்டியில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

அடிமையா என்றால், உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருப்பது உண்மை. 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள பதிப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அது சொல்வது வேறு: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, படிப்பு, உறவு, தூக்கம் எல்லாவற்றுக்கும் மேலே ஆட்டம் வருவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, பொதுவாக ஓராண்டாவது இப்படியே நீடிப்பது. மேசையைக் குத்துவது மட்டும் அதில் வராது. பள்ளிக்குப் போக மறுக்கிறான், நண்பர்களைத் தவிர்க்கிறான், இரவெல்லாம் விழிக்கிறான் என்றால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: எங்கள் ஊரில் வாலரன்டில் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம்) 40 மில்லிநொடி காட்டுகிறது. அதனால்தான் தோற்கிறேனா?
– வாணியம்பாடி வாசகர்

பதில்: இல்லை. வாலரன்டின் இந்திய சர்வர் மும்பையில் இருக்கிறது. நம் பகுதியிலிருந்து வானவழியே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். ஒளியிழையில் தகவல் போய்வர மட்டுமே பத்து மில்லிநொடி ஆகும், மீதி நேரம் சுற்றுவழிகளிலும் இடைக்கருவிகளிலும் போகிறது. 40 நன்றாகவே ஆடக்கூடிய எண். கவனிக்க வேண்டியது அந்த எண் நிலையாக நிற்கிறதா என்பதை. 40, 130, 45 என்று குதித்தால் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து நேராக லேன் கேபிள் இழுங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுவதாக இருந்தால் அதற்குச் சென்னையிலேயே சர்வர் உண்டு. மின்சாரம் அடிக்கடி போகும் தெருவாக இருந்தால் ரவுட்டருக்கு மட்டும் ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி மாட்டுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்தம் பற்றி நாளிதழில் முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது. அந்த நாளில் ரேங்க் போட்டி தொடங்காதீர்கள்.