சமன்பாட்டைப் பார்த்து நேர்கோடு வரைவது எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து பத்தாம் வகுப்புப் பையனுக்காகக் கேட்டிருக்கிறீர்கள்: ஒய் = 20எக்ஸ் + 50, இதை எப்படிக் கோடாக்குவது?

காசிமேட்டில் மீன்பாடி வண்டி பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுகூலி 50 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 20. எக்ஸ் தூரம், ஒய் வாடகை. வண்டி நகராதபோதே 50 என்பதால் முதல் புள்ளி (0, 50). இந்த 50தான் ஒய் வெட்டுத்துண்டு, அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் உயரம். 20 என்பது சாய்வு. எக்ஸ் 1 கூடினால் ஒய் 20 ஏறும். அப்படியானால் 5 கிலோமீட்டருக்கு 150. இரண்டாவது புள்ளி (5, 150). ஸ்கேலை வைத்து இரண்டையும் இணைத்துவிடலாம்.

ஆனால் மூன்றாவதாக (10, 250) குறிக்காமல் விடாதீர்கள். கணக்கு தப்பினால் அது கோட்டில் உட்காராது, அங்கேயே தெரிந்துவிடும்.

அளவுத்திட்டத்தில்தான் பிள்ளைகள் சொதப்புவார்கள். எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 கி.மீ., ஒய் அச்சில் 1 செ.மீ. = 50 ரூபாய் என்று தாளின் மூலையில் எழுதச் சொல்லுங்கள். வாடகைக் கணக்கு என்பதால் கோடு ஒய் அச்சிலேயே தொடங்கும்; வெறும் சமன்பாடு மட்டும் கொடுத்திருந்தால் இடப்பக்கமும் நீட்ட வேண்டும்.

சாய்வு மைனஸ் என்றால் வலப்பக்கம் போகப்போகக் கோடு இறங்கும். எக்ஸ் = 3 மாதிரி வந்தால் சாய்வைத் தேட வேண்டாம், செங்குத்துக் கோடு போட்டால் சரி.