கொட்டகையை மூடியும் குட்டிகள் சாவது ஏன்?

கேள்வி: ஐயா, நிபோங் திபாலில் கிரியான் ஆற்றுப் பக்கம் 22 ஆடு வளர்க்கிறேன். அடைமழை தொடங்கியதும், குளிர் அடிக்கக் கூடாதென்று பரண் கொட்டகையின் நாலு பக்கமும் கேன்வாஸ் கட்டினேன். இரண்டு வாரத்தில் மூன்று குட்டிகள் போய்விட்டன. மற்றவை இருமுகின்றன, மூக்கு ஒழுகுகிறது. என்ன செய்வது?

பதில்: அந்தக் கேன்வாஸை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள் ஐயா. குட்டிகளைப் பறிகொடுத்திருக்கும் நேரத்தில் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டம்தான். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் சந்தேகம் அங்கேதான் போகிறது.

நம் பினாங்கில் அடைமழை ராத்திரியிலும் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். உடம்பு காய்ந்திருக்கிற ஆடு அதைத் தாங்கும். தாங்காதது ஈரமும், பரணுக்கு அடியில் ஊறிக் கிடக்கும் புழுக்கை, மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும்தான். நாலு பக்கமும் அடைத்தால் அது போக வழியில்லை. குட்டியின் நுரையீரலைப் புண்ணாக்கும், அப்புறம் நிமோனியா சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். நாளைக் காலையில் உள்ளே போய், குட்டியின் மூக்கு உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். நிற்கும்போது தெரியாதது அங்கே தெரியும். கண் எரிந்தால் அடியில் கிடப்பதை முழுக்க வாரி எடுக்க வேண்டும். சாரல் அடிக்கும் பக்கத்தில் மட்டும் ஆட்டின் முதுகு உயரத்துக்குக் கேன்வாஸ் கட்டினால் போதும். கூரைக்குக் கீழே காற்றோட்டம் இருக்கட்டும்.

புதிதாய்ப் பிறக்கும் குட்டியை உடனே துணியால் துடைத்துக் காயவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். துவண்டு கிடந்தால் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் ஜில்லென்று இருந்தால் பால் புகட்டாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாமல் பால் நுரையீரலுக்குள் போய்விடும். முதலில் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்துச் சூடேற்றுங்கள். தலையைத் தூக்கி, சப்பத் தொடங்கிய பிறகுதான் பால். தலையே தூக்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஈரப் புல்லில் மேய விடாதீர்கள், புழு ஏறும். கண் இமையின் உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் குடற்புழு மருந்துக்குக் கேளுங்கள்.

உங்கள் இடம் ஆற்றோரம் என்பதால் இன்னொன்று. 2017 நவம்பர் 4ஆம் தேதி ராத்திரி பெய்த மழையில் பொழுது விடிவதற்குள் பினாங்கில் எத்தனை வீடுகளில் தண்ணீர் புகுந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆடுகளை எந்த மேட்டுக்கு ஓட்டுவது என்பதை வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். மூன்று நாள் தீவனம் பரண்மேல் இருக்கட்டும். தண்ணீர் ஏறினால் மெயின் சுவிட்சை அடைக்காமல் கொட்டகைக்குள் கால் வைக்காதீர்கள். வடிந்த பிறகு சேற்றை அள்ளும்போது பூட்ஸ் போடுங்கள், காலில் புண் இருந்தால் வேறு ஆளை விடுங்கள். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் உயிரையே எடுத்துவிடும்.

இருமும் குட்டிகளைத் தனியே கட்டி, கால்நடைச் சேவைத் துறை மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். இன்னொன்று செத்தால் புதைக்காமல், அவரிடம் கேட்டு அன்றைக்கே பரிசோதனைக்குக் கொடுங்கள். அறுத்துப் பார்த்தால்தான் காரணம் உறுதியாகும்.