வாகனக் கேள்வி–பதில்: உப்புக்காற்றில் வயதாகும் பெரிய கார்கள்

தொண்டியில் தொடங்கி ராமேஸ்வரம், கீழக்கரை வழியாகச் சாயல்குடி வரை வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாமே பதினைந்து வயதை நெருங்கிய அல்லது தாண்டிய பெரிய செடான்கள். பதில்களில் உள்ள தொகைகள் தனிப் பட்டறைகளின் தோராயக் கணக்கு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதைவிடக் கணிசமாகக் கூடும்.

என்னுடையது 2007 மாடல் கொரோல்லா ஆல்டிஸ். பஞ்சருக்கு ஜாக்கி வைத்தபோது கதவுக்குக் கீழே உள்ள தகடு உள்ளே அமுங்கிவிட்டது. "தகடு அடித்துப் பட்டி பார்த்துத் தருகிறேன், 4,000 ரூபாய்" என்கிறார்கள். செய்யலாமா? – வாசகர், தங்கச்சிமடம்

செய்யாதீர்கள். இந்த வகைக் கார்களில் லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸிஸ் கிடையாது. நீங்கள் சொல்லும் அந்தப் பெட்டிபோன்ற பகுதிதான் (பட்டறையில் 'சில்' என்பார்கள்) வண்டியின் முதுகெலும்பு. பக்கவாட்டில் அடிபட்டால் உள்ளே இருப்பவரைக் காப்பதும் அதுதான். ரிவிட் அடித்த தகடும் பட்டியும் கண்ணுக்குத்தான் அழகு, பலம் துளியும் தராது. உள்ளே துரு பாட்டுக்குத் தின்றுகொண்டே போகும்.

காரணம் தெரிந்தால்தான் திரும்ப வராமல் தடுக்கலாம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக நீரை இழுத்து நனைந்துவிடும். தீவுப் பகுதியில் பெரும்பாலான இரவுகளில் அந்த அளவு ஈரம் இருக்கும். அதனால் மழையே இல்லாத வைகாசியிலும் தகடு தினமும் நனைகிறது. அரிச்சல்முனைச் சாலையில் ஏறும் மணல், சில்லின் அடியில் இருக்கும் நீர்வடி ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. நனைந்த உப்புமணல் பெட்டிக்குள்ளேயே தங்குகிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே தகடு அப்பளமாகிவிடுவது இப்படித்தான்.

முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றி ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல தகடு. சத்தம் மந்தமாக இருந்தால் நுனியால் அழுத்துங்கள். ஜாக்கி வைக்கும் நான்கு இடங்கள், பின் சஸ்பென்ஷன் பாடியில் சேரும் இடங்கள், முன் ஸ்ட்ரட் டவர் (முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியில் பொருந்தும் இடம்), பிரேக் பைப் கிளிப்புகள் இவை கட்டாயம் பார்க்க வேண்டியவை. துருப்பிடித்த பகுதியை நல்ல தகடு தென்படும் வரை வெட்டி எடுத்து, 18 கேஜ் தகட்டை மடக்கி, மிக் வெல்டிங்கில் தொடர்ச்சியாகப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பற்றவைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கழற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விடலாம். பிறகு இணைப்புகளில் சீம் சீலர், வெளியே எபாக்ஸி பிரைமர், பெட்டிக்குள் நீளக் குழாய் வைத்துக் கேவிட்டி மெழுகு. இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் செய்த வெல்டிங்கே முதலில் துருப்பிடிக்கும். நீர்வடி ஓட்டைகளை அடைத்துப் பெயின்ட் அடிக்கவும் விடாதீர்கள். ஒரு பக்கத்துக்கு 8,000 முதல் 12,000 வரை ஆகும்.

அடிப்பாகத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உவராக இருக்கும் ஊர்களில் அதை அடித்தால் உப்பை நீங்களே பூசுகிறீர்கள். குடிக்கவே காவிரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊரில் அதைக் காருக்குச் செலவிடச் சொல்ல மனம் வரவில்லை. பிரஷர் வாஷர் இருந்தால் முப்பது நாற்பது லிட்டர் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடி மழைநீரைப் பிடித்துவைத்தால் அதுவே மிகச் சிறந்தது.

2006 அக்கார்டு 2.4 ஆட்டோமேட்டிக். பாம்பன் பாலத்தில் நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வண்டி ஓடத் தொடங்கினால் இறங்கிவிடுகிறது. ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) மாற்ற வேண்டும், 30,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். – வாசகர், மண்டபம்

ஓடும்போது இறங்குகிறது என்ற உங்கள் ஒரு வரியே பாதி விடை. ஓட்டத்தில் காற்று தானாக ரேடியேட்டருக்குள் போகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஆகவே கோளாறு பெரும்பாலும் காற்றுப் பாதையில்தான். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் வேகத்திலும் மேட்டிலும்தான் சூடு அதிகம் ஏறும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போடுங்கள். முன்னால் இருக்கும் இரண்டு ஃபேன்களும் சுற்ற வேண்டும். ஒன்று நின்றால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் அதன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் கரையோரத்தில் அங்கே பச்சைப் பாசிபோல் களிம்பு ஏறியிருக்கும். கான்டாக்ட் கிளீனரும் சிறு பிரஷும் போதும். அது சரியென்றால் ரிலேயை அதேபோன்ற வேறொரு ரிலேயுடன் மாற்றிப் பாருங்கள். பிறகுதான் மோட்டார் (2,500–4,000).

ஃபேன் இரண்டும் ஓடினால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, டார்ச் அடித்து ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை விரலால் தொடுங்கள். பொடியாக உதிர்ந்தால் வெப்பம் வெளியேற வழியே இல்லை. ரேடியேட்டரையே மாற்றுங்கள் (6,000–9,000). மூடியையும் சேர்த்து மாற்றுங்கள், அது சில நூறு ரூபாய்தான்.

கேஸ்கெட் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் குமிழி வந்தாலோ, மூடி போட்டு ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகினாலோ, ஆயில் பால் கலந்த காபிபோல் இருந்தாலோ கேஸ்கெட் வேலை உண்மை. இவை இல்லையென்றால் 30,000 ரூபாயைப் பையிலேயே வையுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்கவே கூடாது.

அவசரத்துக்குப் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் முழுவதும் இறக்குங்கள். அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் அலுமினிய ஹெட்டை அரிக்கும், ரேடியேட்டரை அடைக்கும். ஹோண்டாவுக்குரிய நீலக் கூலன்ட்டை, கலக்கிய நிலையில் விற்பதாகவே வாங்குங்கள். அடர்த்தியாக வாங்கினால் சரிபாதி டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். ஊற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இருமுறை சுற்றி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டால்தான் உள்ளிருக்கும் காற்று வெளியேறும்.

இன்னொன்று: உங்கள் வண்டி ஆட்டோமேட்டிக். எஞ்சின் சூடேறிய ஒவ்வொரு முறையும் கியர் ஆயிலும் சூடேறியிருக்கும், ஏனென்றால் அதைக் குளிர்விப்பதும் ரேடியேட்டர்தான். ஆயில் கறுத்துக் கருகல் வாசம் அடித்தால் ஹோண்டாவின் டி.டபிள்யூ.-1 என்ற கியர் ஆயிலுக்கு மாற்றுங்கள். ஒருமுறை இறக்கினால் சுமார் இரண்டரை லிட்டர்தான் வரும், மீதி உள்ளேயே நிற்கும். அதனால் இறக்கி நிரப்பி, சிறிது ஓட்டி, மறுபடி இறக்கி என்று மூன்று முறை செய்ய வேண்டும்.

நான் வளைகுடாவில் வேலை செய்கிறேன். 2010 சிவிக் வருடத்தில் எட்டு மாதம் வீட்டிலேயே நிற்கிறது. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் ஏதாவது செலவு. – வாசகர், கீழக்கரை

நிற்கும் வண்டிக்குத்தான் செலவு அதிகம். அலாரம், கடிகாரம், ஈ.சி.யூ. எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுப்பது சாதாரணம். நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. 45 ஆம்பியர்-மணி பேட்டரி பத்தொன்பது நாளில் பாதியாகும், அதன்பின் கிடந்தே சாகும். புறப்படும் அன்று நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். அதற்கு முன் ரேடியோ கோடு எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் டேங்க்கை நிரப்பிவிட்டுப் போங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது ஈரத்தை உறிஞ்சும். டேங்க் காலியாக இருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் அதிகம். டயரில் 40 பி.எஸ்.ஐ. காற்று வையுங்கள். ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்திக் கட்டை கொடுங்கள், இல்லையென்றால் பின் பிரேக் பிடித்தபடியே ஒட்டிக்கொள்ளும். தார்ப்பாய் போட்டு மூடவே கூடாது. அடியில் ஈரம் அடைபட்டு, காற்றில் ஆடும் மணல் பெயின்ட்டை உரசும். இருபுறமும் திறந்த கொட்டகை போதும்.

வீட்டில் யாராவது ஓட்டுவார்கள் என்றால் பேட்டரியைக் கழற்றாமல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏ.சி. போட்டு அரைமணி நேரம் சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது கெடுதல். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகும் அளவுக்கு எஞ்சின் சூடேறாது. வந்ததும் பானட்டைத் திறந்து எலி கடித்த வயர் இருக்கிறதா என்று பாருங்கள். வைப்பர் அடியில் சேரும் சீமைக்கருவேல இலைத்தூளை வாரி எடுங்கள். அது நீர்ப்பாதையை அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கும். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மேல்வரிகள் தேயாமல் இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேலான டயரை நம்பி மதுரைக்குப் போகாதீர்கள்.

பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பேட் புதிது. – வாசகர், ஏர்வாடி

வலது காலிப்பரின் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) ஸ்லைடு பின் இறுகியிருக்கும். இழுப்பது பிடிக்கும் பக்கம், கோளாறு பிடிக்காத பக்கம். பின்னைக் கழற்றி, சுத்தம் செய்து, பிரேக்குக்குரிய சிலிகான் கிரீஸ் தடவி, ரப்பர் பூட்டைப் புதிதாகப் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். கூடவே டாட் 4 பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அது ஈரம் உறிஞ்சும் திரவம், இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அடியில் ஓடும் இரும்புப் பிரேக் பைப்பில் செதில் செதிலாகத் துரு இருந்தால் அந்த நீளம் முழுவதையும் மாற்றுங்கள். நடுவில் வெட்டி ஒட்டுப்போட அனுமதிக்காதீர்கள்.

ஏ.சி. கேஸ் மூன்று மாதம்கூட நிற்பதில்லை. ஒவ்வொரு தடவையும் 1,800 கொடுக்கிறேன். – வாசகர், தேவிபட்டினம்

கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. ஓட்டை இருக்கிறது. கேஸ் போடும் முன் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் முதலில் போவது முன்னால் நிற்கும் கண்டன்சர். எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டிய இடம்தான் ஓட்டை. புதிய கண்டன்சரும் டிரையரும் 6,000–9,000. நீங்கள் கேஸுக்குக் கொடுத்ததில் ஒரு வருடத்திலேயே அந்தப் பணம் போய்விட்டது.

2005 ஆல்டிஸ் 1.8 பெட்ரோல். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. எஞ்சின் பிரிக்க 55,000 கேட்கிறார்கள். – வாசகர், சாயல்குடி

அந்தக் காலத்து ஆல்டிஸ் 1.8 எஞ்சினில் இது பலரும் அறிந்த குறை. பிஸ்டனில் ஆயில் திரும்பும் ஓட்டைகள் சிறியவை. கரி அடைத்ததும் ஆயில் ரிங் ஒட்டிக்கொள்கிறது. மேலே இருக்கும் கம்ப்ரஷன் ரிங்குகள் நன்றாகவே இருக்கும். அதனால் கம்ப்ரஷன் டெஸ்ட் நன்றாக வந்தாலும் ஆயில் குறையும். இதைத் தெரியாமல் குழம்புபவர்கள் உண்டு.

முதலில் பி.சி.வி. வால்வை (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் வால்வு) மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான். வால்வு கவர் கேஸ்கெட்டிலும் டைமிங் செயின் டென்ஷனரின் ஓ-ரிங்கிலும் கசிவு பாருங்கள். கசிவும் இல்லையென்றால் கணக்குப் போடுங்கள். வருடம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் எட்டு லிட்டர் ஆயில், ஏறத்தாழ 4,000 ரூபாய். 55,000 ரூபாயை எடுக்க ஏறத்தாழப் பதினான்கு வருடம் ஆகும். இப்போதைக்குப் பிரிக்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. ஆனால் ஒரு கண்டிப்பு: ஃபில்டரோடு சேர்த்தே இந்த எஞ்சின் கொள்வது சுமார் நான்கு லிட்டர்தான். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பார்க்காவிட்டால் செயினும் பேரிங்கும் போகும், அப்போது 55,000-இல் முடியாது. புகைச் சோதனையில் தோற்றாலோ, பிளக் அடிக்கடி எண்ணெய் பிடித்தாலோ அப்போது பிரியுங்கள்.

புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார். காலையில் இன்னும் 'டிக்' என்றுதான் கேட்கிறது. – வாசகர், உச்சிப்புளி

எர்த் வயர். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயர் உள்ளேயே அரித்துவிட்டது. புது வயர் சில நூறு ரூபாய். பாடியில் அது உட்காரும் இடத்தை இரும்பு தெரியத் தேய்த்து, முறுக்கிய பின் மேலே வாஸலின் தடவுங்கள்.

2009 மாடல் வண்டி, விற்றால் ஒன்றரை லட்சம் வரும். எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்து (எஃப்.சி. என்பது வண்டியின் தகுதிச் சான்று) வைத்துக்கொள்ளலாமா? – வாசகர், தொண்டி

எஞ்சினைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அடியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சில்லும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களும் திடமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். லோயர் ஆர்ம், லிங்க் ராடு, நான்கு ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றினாலும் 35,000-க்குள் அடங்கும். அந்த விலைக்குக் கிடைக்கும் வேறு பழைய காரிலும் இதே வேலை காத்திருக்கும். ஸ்ட்ரட் டவரில் துரு இருந்தால் ஒரு ரூபாய்கூடப் போடாமல் கொடுத்துவிடுங்கள்.

பதிவுச் சான்றைப் புதுப்பித்தால் ஐந்து வருடம். படிவம் 25-இல், காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். பதினைந்து வருடம் தாண்டிய காருக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000. இருபது வருடம் தாண்டியதற்கு 2025-இல் 10,000 ஆக்கியிருக்கிறார்கள். பசுமை வரி தனி. இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். ஆய்வுக்காகப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால், லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்த பிறகே பெயின்ட் கடைக்குப் பணம் கட்டுங்கள்.