தபால்கார அண்ணாச்சி பதில்கள்: கதைக்குப் பதில் போடணும்

எங்கள் குழு மாதாமாதம் போனிலேயே நடத்துகிற சிறுகதைப் போட்டியைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். சேரன்மகாதேவிப் பக்கம் 31 வருஷம் தபால் சுமந்து ஓய்வுபெற்றவனுக்கு இந்தச் சோலி எப்படி வந்தது என்று கேட்டும், நாங்களும் நடத்தலாமா என்று கேட்டும் நிறையக் கடிதங்கள். அதனால் இந்த இதழ் முழுக்கக் கதைப் போட்டிதான்.

பணமும் கிடையாது, பத்திரிகையிலும் வராது. பிறகு எதற்குப் போட்டி? கதையை எழுதி நாலு சிநேகிதர்களுக்கு அனுப்பினால் போதாதா அண்ணாச்சி?
— வாசகர், தென்காசி

அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா ஐயா? ‘சூப்பர்’ என்று ஒரு சொல் வரும். கைகூப்பிய படம் ஒன்று வரும். அதோடு முடிந்தது. கதையைப் படித்தார்களா என்பதுகூட நமக்குத் தெரியாது.

நான் தபால் கொடுத்துவந்த பீட்டில் ஒரு ஆரம்பப் பள்ளி வாத்தியார் இருந்தார். தொண்ணூறுகளில் நடந்தது. மாதத்துக்கு ஒன்றாவது அவருக்கு நீளமான பழுப்புக் கவர் வரும். மேலே விலாசம் அவர் கையெழுத்திலேயே இருக்கும். பத்திரிகைக்குக் கதை அனுப்புகிறவர்கள் சொந்த விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய கவர் ஒன்றையும் உள்ளே வைத்து அனுப்ப வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? கதை வேண்டாம் என்றால் அந்தக் கவரில் போட்டுத் திருப்பி விடுவார்கள். கையில் வாங்கியதுமே கனத்தை வைத்து எனக்குத் தெரிந்துவிடும். வீட்டம்மா பார்த்துவிடக் கூடாது என்று அவர் தெருமுனைக்கே வந்து வாங்கிக்கொள்வார். ஒருநாள் என் முன்னாலேயே பிரித்தார். பிரசுரிக்க இயலவில்லை என்று அச்சடித்த துண்டுச் சீட்டு ஒன்று, பின்னால் பதினொரு பக்கக் கதை. “எந்தப் பக்கத்துல இந்தக் கதை செத்துதுன்னு ஒரு வரி எழுதியிருக்கப்படாதா வே?” என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்ல முடியும்? சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

பத்திரிகைக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மூட்டை மூட்டையாகக் கதை வரும், ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து பதில் எழுத ஆள் கிடையாது. ஆனால் அந்த வாத்தியார் அதற்குப் பிறகு எழுதவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. 2020 ஊரடங்கில் ஒன்பது பேர் சேர்ந்து போட்டி ஆரம்பித்தபோது நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பதில் இல்லாமல் ஒரு கதையும் திரும்பக் கூடாது. சும்மா நண்பர்களிடம் காட்டினால் அந்தப் பதிலை யாரிடமும் கட்டாயமாகக் கேட்க முடியாது. போட்டி என்று வைத்தால் முடியும். கெடு இருப்பதால் எழுதுகிறவர் முடிக்கிறார், விதி இருப்பதால் வாசிக்கிறவர் பதில் போடுகிறார்.

நாங்கள் எட்டுப் பேர், எல்லாரும் வீட்டுவேலைக்கு நடுவில் எழுதுகிறவர்கள். போட்டியை எப்படி ஆரம்பிக்க? யாரை நடுவராகப் போட?
— வாசகி, களக்காடு

எட்டுப் பேர் தாராளம், தங்கச்சி. வெளியில் நடுவர் தேட வேண்டாம். எங்கள் முறையைச் சொல்கிறேன், உங்களுக்குத் தோதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் தேதி தலைப்புச் சொல்வோம். 800 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. போனில் படிக்கிற கண்ணுக்கு அதற்குமேல் தாங்காது. 25-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்குள் கதை ஒருத்தரிடம் மட்டும் போய்ச் சேர வேண்டும். அந்த ஒருத்தர் அந்த மாதம் எழுதக் கூடாது. அவர் பெயர்களை எடுத்துவிட்டு நம்பர் போடுவார். எழுத்துப்பிழையையும் அவரே திருத்திவிடுவார், அதற்கு மார்க் குறைப்பது கிடையாது. போனில் பேசியே எழுதுகிறவர்கள் எங்களிடம் பலர். முக்கூடல் பக்கத்துச் சகோதரி ஒருவர் பீடி சுற்றிக்கொண்டே கதை சொல்வார். சொளவு என்றால் முறம். ‘சொளவு நிறைய பீடி’ என்று அவர் சொன்னால் போன் ‘செலவு நிறைய பீடி’ என்று எழுதி வைக்கும். அது அவர் பிழையா?

பிறகு சீட்டுக் குலுக்கி ஒரு கதைக்கு மூன்று வாசகர். தன் கதை தனக்கு வரக் கூடாது. மார்க் பத்துக்கு. மார்க் மட்டும் போட்டால் செல்லாது, கூடவே மூன்று விஷயம் எழுத வேண்டும். எந்த இடத்தில் வாசிப்பு நின்றுபோச்சு, எந்த வரியைத் திரும்பப் போய்ப் படித்தீர்கள், கதை முடிந்த பிறகு உங்களுக்கு மிஞ்சிய கேள்வி என்ன. ‘நல்ல கதை, வாழ்த்துகள்’ என்று எழுதினால் நான் போன் போட்டு மறுபடி எழுத வைப்பேன். இதில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு, இருக்கட்டும்.

குழுவில் எல்லாரும் கட்டைவிரல் தூக்கி ஓட்டுப் போடுகிற முறையை வைக்காதீர்கள். மூன்றாவது மாதம் நாங்கள் அப்படி வைத்துப் பார்த்தோம். அத்தானும் மதினியும் ஒரு கதையைக்கூடத் திறக்காமல் ஓட்டுப் போட்டார்கள். நல்ல கதை எழுதிய ஒரு கல்லூரிப் பையன் அன்றைக்கு விலகிப் போனவன் திரும்பி வரவே இல்லை. தப்பு என்னுடையது.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? ‘தாய்மை’ என்று கொடுத்தோம், பன்னிரண்டு கதையும் ஒரே கதையாக வந்தது.
— வாசகர், அம்பாசமுத்திரம்

வராமல் என்ன செய்யும்? தாய்மை என்று சொன்ன உடனே எழுதுகிறவர் கை, முன்பு படித்ததைத் தேடிப் போய்விடும். கையால் தொடுகிற பொருளாகக் கொடுங்கள். சாவி, குத்துப்போணி, கடைசி பஸ், தார்சாவில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு.

2023 டிசம்பருக்கு நாங்கள் கொடுத்த தலைப்பு ‘தண்ணீர்’. அந்த மாதம் மட்டும் 20-ஆம் தேதி கெடு. 17, 18-இல் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோவில் தண்ணீருக்குள் போனது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமானது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு நாலு நாள் போனே கிடையாது. கெடுவைப் பொங்கலுக்குத் தள்ளினோம். வந்த கதைகளில் முக்கால்வாசி படகும் கயிறும் மொட்டைமாடியும்தான். குறை சொல்ல மாட்டேன், கண்ணால் கண்டதை எழுதினார்கள். ஆனால் ஒரு கதையில் வெள்ளமே வராது. வடிந்த மறுநாள் ஒரு பெண் துணி காயப்போடும் கொடியில் ரேஷன் கார்டையும், பட்டாவையும், மகளின் பத்தாம் வகுப்பு மார்க் சீட்டையும் கிளிப் மாட்டித் தொங்கவிடுவாள். மார்க் சீட்டு காய்ந்ததும் எழுத்து இருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்ப்பாள். அவ்வளவுதான் கதை. மூன்று வாசகர்களும் ஒன்பதுக்கு மேல் போட்டிருந்தார்கள். தலைப்பு ‘வெள்ள நிவாரணம்’ என்று இருந்தால் இந்தக் கதை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

பெயரை மறைத்தாலும் பேச்சுவழக்கை வைத்து யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். எல்லாரும் பொதுத்தமிழில்தான் எழுத வேண்டும் என்று விதி போடலாமா?
— வாசகர், சங்கரன்கோவில்

போடாதீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

நீங்கள் சொல்வது நிஜம்தான். உங்கள் பக்கம் ‘அவுக வந்தாக’ என்பீர்கள். நாங்குநேரிக்குத் தெற்கே போனால் ‘அவிய வந்தாவ’. ஆற்றங்கரைக்காரன் குளம் என்பதைக் கரிசல்காரன் கம்மாய் என்பான். உவரியில் இருந்து எழுதுகிற தம்பி கதையில் காற்று என்று வெறுமனே வீசாது, வாடையோ கொண்டலோ சோழகமோ கச்சானோ, திசையைச் சொல்லித்தான் வீசும். அந்த ஒரு சொல்லிலேயே ஆள் தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும். மார்க் போடுவதில் சின்னப் பாரபட்சம் வந்தால் வரட்டும், அதைச் சகித்துக்கொள்ளலாம். பெயர் தெரியக் கூடாது என்று கச்சானை ‘மேற்குத் திசைக் காற்று’ ஆக்கினால் கதையில் மிச்சம் என்ன இருக்கும்?

உங்கள் ஊருக்குப் பக்கம்தான் இடைசெவல், அப்போது திருநெல்வேலி ஜில்லா. 1923 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் அந்தச் சின்ன ஊரில் பிறந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். சிநேகிதர்கள், ஒருவருக்கொருவர் கடிதமாக எழுதித் தள்ளியவர்கள். இரண்டு பேருக்குமே சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, அழகிரிசாமிக்கு 1970-லும் கி.ரா.வுக்கு 1991-லும். கி.ரா. கரிசல் காட்டுச் சொற்களைத் திரட்டி ஒரு அகராதியே கொண்டுவந்தார். அந்த மண்ணில் இருந்துகொண்டு நீங்கள் பொதுத்தமிழ் விதி போடலாமா?

நாங்கள் ஒரு மாற்று வழி செய்தோம். சீட்டுக் குலுக்கும்போது கூடியவரை வேறு பக்கத்து வாசகருக்குக் கதையைக் கொடுப்போம். கரிசல் கதை கடற்கரைக்குப் போகும், கடற்கரைக் கதை தென்காசிக்குப் போகும். புரியாத சொல்லைக் கேட்டு எழுதுவார்கள், எழுதியவர் விளக்குவார். மடி என்றால் வலை என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஒருவர் பழைய பத்திரிகைக் கதையைத் தன் கதை என்று அனுப்பிவிட்டார். குழுவில் சொல்லலாமா?
— பெயர் வேண்டாம், வள்ளியூர்

குழுவில் சொல்லாதீர்கள். தனியே கூப்பிட்டு, அந்தக் கதையை எழுதும்போது முதலில் மனசில் வந்தது எது என்று கேளுங்கள். சொந்தமாக எழுதியவர் அரைமணி நேரம் பேசுவார். மற்றவர் தானே வாபஸ் வாங்கிவிடுவார். இயந்திரத்திடம் கேட்டு வாங்கிய கதைக்கும் நான் இதையே செய்கிறேன். அடுத்த மாதம் வழக்கம்போலத் தலைப்பை அவருக்கும் அனுப்புங்கள்.

குழுவில் போட்ட கதையின் உரிமை யாருக்கு?
— வாசகி, பாளையங்கோட்டை

எழுதியவருக்கு. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியதுமே உரிமை எழுதியவருடையது, பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒழிய அது வேறு ஒருவருக்குப் போகாது. பத்திரிகைக்கு அனுப்பும்போது மட்டும், வேறு எங்கும் வெளிவராத கதை என்று அவர்கள் கேட்டால், குழுவில் வாசித்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பரிசு என்ன கொடுக்கலாம்?
— வாசகர், கடையம்

புத்தகம். வருஷ முடிவில் பத்தமடைப் பாய் ஒன்று. தபாலில் அனுப்புங்கள், போனில் வராத ஒன்றாவது கைக்கு வரட்டும்.

உங்கள் குழுவில்தான் இருக்கிறேன் அண்ணாச்சி. நாலு தடவை எழுதி நாலு தடவையும் கடைசி மூன்றுக்குள் வந்திருக்கிறேன். இனி வாசகனாக மட்டும் இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— திசையன்விளைக்காரன், ஷார்ஜா

தம்பி, உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அந்த நாலு கதைக்கும் வந்த பன்னிரண்டு பதில்களையும் எடுத்து வைத்துப் படித்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் முக்கூடல் சகோதரியைப் பற்றி ஒரு விஷயம்.

அவர் 14 போட்டியில் எழுதிவிட்டார், ஒன்றில்கூட முதலாவது வரவில்லை. ஆறாவது கதை, பீடிக்கடையில் இலை சரியில்லை என்று ஒரு கட்டைக் கழித்துப் போடுகிற சம்பவம். மார்க் மூன்றும் நாலும்தான். ஆனால் ஒரு வாசகர் கடைசியில் இப்படிக் கேட்டிருந்தார்: “கழித்துப் போட்ட பீடியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவள் கை என்ன செய்துகொண்டிருந்தது?” சகோதரி எனக்குப் போன் போட்டார். “அண்ணாச்சி, எனக்கே தெரியலை. நாளைக்குக் கடைக்குப் போகையில பாக்கேன்” என்றார். போய்த் தன் கையையே பார்த்துவிட்டு வந்தார். ஏழாவது கதை முழுக்க விரல்களைப் பற்றி. அதற்கும் பரிசு இல்லை, மூன்றாம் இடம். அந்தக் கதையை நான் ஆறு தடவை படித்திருக்கிறேன்.

இப்போது உங்கள் பதில்களுக்கு வருகிறேன். நாலு கதையுமே திசையன்விளையில் நடக்கிறது. தேரி மணல், பனை, அம்மாவின் கருப்பட்டிக் காப்பி. பன்னிரண்டு வாசகர்களில் ஐந்து பேர் ஒரே இடத்தைத் திரும்பப் போய்ப் படித்ததாக எழுதியிருக்கிறார்கள், அது ஊர் வருகிற இடம் கிடையாது. இரண்டாவது கதையில் ஊரை நினைக்கத் தொடங்குகிறவன் அடுக்குக் கட்டிலில் கீழே படுத்திருப்பான். மேல் கட்டில்காரன் புரளும்போது பலகை இடுக்கில் இருந்து ஒரு வேர்க்கடலைத் தோல் இவன் நெஞ்சில் விழும். ஒரே வரி. உடனே நீங்கள் பிளைட் ஏறாமலே ஊருக்குப் போய்விடுகிறீர்கள். இந்தப் பதில்கள் உங்கள் போனில் கிடக்கின்றன. மார்க்கைப் பார்த்ததும் மீதியைப் படிக்காமல் மூடிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி மூடியவன்தான், அதனால் சொல்கிறேன்.

மேல் கட்டிலில் படுத்திருப்பவர் யார் தம்பி? அந்த ராத்திரியில் விளக்கு அணைத்த பிறகு எதற்குக் கடலை தின்கிறார்? ஐந்து வாசகர்கள் சார்பாக நான் கேட்கிறேன். இந்த மாதத் தலைப்பு ‘பூட்டு’. 25-ஆம் தேதி ராத்திரி பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கடிகாரத்தில் எட்டரை.